அம்மாவுக்குப் பிறகு ஒரு நாள்

என் அப்பா பட்டாளத்தில் இருந்தவர் என்று சொன்னால் போதும், அடுத்த கேள்வி தயாராக வந்து நிற்கும். "சண்டையில எத்தன பேர சுட்டாருங்க?" எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒருவரையும் சுடவில்லை, போதுமா? அப்பா லாரி ஓட்டினார். வடக்கே பனிமலைச் சாலைகளில் அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு போனார். சண்டை வந்தபோதும் அதே வேலைதான். போகும்போது குண்டுப் பெட்டிகள், திரும்பி வரும்போது காயம்பட்ட சிப்பாய்கள். அந்த நாட்களைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்டது மிகக் கொஞ்சம். "பின்னாடி அடிபட்டுப் படுத்திருக்கறவனுக்கு ரோட்டுல இருக்கற ஒவ்வொரு குழியும் தெரியும் அம்மிணி. அவனுக்காகத்தான் வண்டி ஓட்டோணும்" என்பார். மேலே ஏதாவது கேட்டால் எழுந்து போய் அடுப்பில் பாலை வைத்துவிடுவார்.

அவர் இறந்தபோது குன்னூரிலிருந்து முன்னாள் படைவீரர்கள் சிலர் தொப்பியும் கோட்டுமாக வந்து மரியாதை செய்தார்கள். தேசியக் கொடி போர்த்தினார்கள். ஒருவர் அப்பாவின் சேவையைப் பற்றி நெஞ்சு நிமிர்த்திப் பேசினார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அது பாதிக் கதை. அப்பாவின் பெரிய சேவை பென்ஷன் வாங்க ஆரம்பித்ததற்கு அப்புறம், எங்கள் வீட்டுக்குள்ளே நடந்தது. அதைப் பார்த்தவள் நான். தம்பி திருப்பூரில் இருந்தான். ஆகவே அதை நான்தான் எழுத வேண்டும்.

அம்மா சிலோனில் பிறந்தவர். அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த குடும்பம் இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தத்தில் கப்பலேறி இங்கே வந்து, கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் மறுபடியும் தேயிலைக்கே வந்து சேர்ந்தது. அப்பா மேட்டுப்பாளையத்துக்காரர், தோட்டம் துரவு உள்ள வீட்டுப் பிள்ளை. லீவில் வந்திருந்த சமயம் கூட்டாளி ஒருவரைப் பார்க்க மலைக்கு ஏறியவர், கொழுந்து எடை போடும் இடத்தில் அம்மாவைப் பார்த்திருக்கிறார். எடை குறைத்துப் போட்டதற்காக அம்மா அங்கே ஒரு ஆளை வாங்கு வாங்கு என்று வாங்கிக்கொண்டிருந்தாராம். "அப்பவே முடிவு பண்ணிப்போட்டேன்" என்பார் அப்பா. என் கோபம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

அப்பாவின் வீட்டில் ஒரே ரகளை. "சிலோன்காரியவா கட்டறே?" என்று கேட்டார்களாம். "ஆமாங், அவளத்தான் கட்டறேன்" என்று சொல்லிவிட்டு மலைக்கே வந்து தாலி கட்டினார். அவர் பக்கத்திலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. லீவு முடிந்ததும் அவர் பட்டாளத்துக்குப் போய்விட்டார், அம்மா எஸ்டேட் லைன் வீட்டிலேயே இருந்தார். அப்புறம் வருடத்துக்கு ஒரு லீவு. நானும் தம்பியும் லீவுக்குப் பிறந்த பிள்ளைகள் என்று அம்மா எங்களைக் கேலி செய்வார். எங்களுக்குப் பேர் வைத்தது, பால் மறக்கடித்தது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, தம்பிக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு உட்கார்ந்திருந்தது எல்லாம் அம்மா தனியாக. அதோடு கொழுந்தும் பறித்தார்.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தபின், கீழே போய் இருக்கலாம் என்று அப்பாவின் அண்ணன் கூப்பிட்டார். அதற்குள் கோபமெல்லாம் ஆறியிருந்தது. அம்மாவுக்கு அந்த வெயில் ஒத்துக்காது என்று அப்பா மறுத்துவிட்டார். எஸ்டேட்டிலேயே கொழுந்து லாரி ஓட்டினார். சரிவில் இருக்கும் காலனியில் ஒரு சின்ன வீடு கட்டினார். நான் டீச்சராகி, கல்யாணமாகி, அதே காலனியில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தேன். அப்போதெல்லாம் அப்பா ஒரு பேச்சை அடிக்கடி பேசுவார். "எத்தனையோ வருசம் உங்கம்மாவத் தனியா உட்டுட்டுப் போயிட்டேன். கடைசியா ஒருக்கா அப்படி உட்டுட்டுப் போகமாட்டேன். அவளுக்கு அப்புறம் எனக்கு ஒரே ஒரு நாள் போதும். எல்லாக் காரியமும் முடிச்சுப்போட்டு வந்துருவேன்."

அம்மா உடனே, "எமன் உங்க கூட்டாளியா?" என்பார். நாங்கள் சிரிப்போம். அது விளையாட்டுப் பேச்சாக இருந்த காலம்.

ஒரு ஐப்பசி மழை நாளில் அம்மா குழாயடியில் விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போய்விட்டன. உயிர் தப்பியது பெரிது என்றார்கள். பேச்சு போகவில்லை, ஆனால் குழைந்துவிட்டது. அடி பிடித்த சோறு மாதிரி சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெளியே வந்தன. நான் டீச்சர், இருபது வருடமாக மழலைப் பேச்சைக் கேட்டுப் பழகியவள். எனக்கே ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவுக்கு மட்டும் எல்லாம் விளங்கியது. எப்படி என்று கேட்டால், "அவ கண்ணப் பாரு, அப்புறம் கேளு" என்பார். நானும் கண்ணைப் பார்த்தேன், காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ம்ஹூம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே அப்பா சொல்லிவிட்டார், ஆள் வைக்க வேண்டாம் என்று. அவருக்கு அப்போதே எழுபத்தைந்துக்கு மேல். தம்பி போனில் கத்தினான், நான் நேரில் கத்தினேன். காதில் போட்டுக்கொண்டால்தானே! லாரி ஓட்டிய காலத்தில் காலையில் எழுந்ததும் வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பார், அதே மாதிரி டார்ச்சு எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்ப்பார். குதிகால், இடுப்பெலும்பு, தோள்பட்டை, முதுகு. எங்கேயாவது தோல் சிவந்திருக்கிறதா? படுக்கைப்புண் வந்துவிட்டால் போச்சு என்று நர்ஸ் சொன்னது அவர் மனதில் அப்படியே இறங்கியிருந்தது. நேரத்துக்கு நேரம் புரட்டிப் படுக்க வைப்பார். வெந்நீரில் துடைப்பார், பவுடர் போடுவார், துணி மாற்றுவார், அந்தத் துணியைத் துவைப்பார். கஞ்சி காய்ச்சி, ஆற வைத்து, தன் நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். தலை பின்னவும் பழகினார். முதல் நாள் பின்னல் வடக்கயிறு மாதிரி இருந்தது. அம்மாவின் புருவமே மேலே ஏறிவிட்டது. போகப் போகக் கை பழகி, பூ வைக்கிற அளவுக்குத் தேறினார்.

காலனியில் ஒரு ஆள், பேர் வேண்டாம், வேலிக்கு வெளியே நின்று கேட்டார். "ஏனுங்க, மகள் இருக்கறப்ப இந்தப் பொம்பளையாளு வேலையெல்லாம் நீங்க எதுக்குங்க செய்யறீங்க?" அப்பா துணி பிழிவதை நிறுத்தாமல் சொன்னார்: "பட்டாளத்துல எங்க கம்பெனில பொம்பளையாளுங்களே இல்லீங்க. எல்லா வேலையும் நாங்கதான் செஞ்சோமுங்க." அந்த ஆள் வந்த வழியே போனார். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை, அதனால் டீ போட்டுக் கொடுத்தேன்.

அம்மா சும்மா படுத்திருந்தார் என்று நினைக்க வேண்டாம். குழைந்த பேச்சிலும் அதிகாரம் குறையவில்லை. அப்பா மொழிபெயர்ப்பார், அதிலும் திருட்டுத்தனம் உண்டு. அம்மா நீளமாக ஏதோ சொல்வார். அப்பா என்னிடம் திரும்பி, "இன்னும் ரெண்டு வாய் கஞ்சி வேணுமாம்" என்பார். அம்மா இடது கையால் அவர் முழங்கையில் பட்டென்று ஒன்று வைப்பார். சொன்னது கஞ்சியைப் பற்றியே இல்லை என்று அதிலிருந்து தெரிந்துகொள்வோம்.

இப்படி ஐந்தாறு வருடம் போனது. ஒரு நாள் காலை அப்பா அடுப்படியில் மயங்கி விழுந்தார். விழுந்த சத்தம் கேட்டு அம்மா போட்ட கூச்சலில்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். குன்னூரில் டாக்டர் பார்த்தார். இதயத்துடிப்பு விட்டு விட்டு வருகிறது, கோயம்புத்தூருக்குப் போய் பேஸ்மேக்கர் வைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அடுத்த தடவை எழுந்திருக்க மாட்டார் என்றார். அப்பா பணிவாகக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும், "அதெல்லாம் வேண்டாம்" என்றார்.

"ஏனுங்கப்பா வேண்டாம்?"

"நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா உங்கம்மாவ யாரு பாக்கறது?"

"நான் எதுக்கு இருக்கேன்? சுவத்துல மாட்டறதுக்கா?"

"நீ வாத்தியாரம்மா. உனக்கு உன்ற வேலை."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, ஒரு பிடி பிடித்துவிட்டேன். "அம்மாவுக்கு அப்புறம் ஒரு நாள் இருக்கோணும்னு சொல்லிச் சொல்லி எங்க காத அறுத்தீங்க. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போகலைன்னா நீங்க முன்னால போயிருவீங்க. அம்மா தனியா கெடப்பாங்க. அதுதான் உங்களுக்கு வேணுமா?" அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் சொன்னார்: காவலுக்கு நிற்கிறவன் தன் நேரம் முடிந்தாலும் நகரக் கூடாது, அடுத்த ஆள் வந்து எல்லாவற்றையும் பார்த்து, பொறுப்பை வாங்கிக்கொண்ட பிறகுதான் இடத்தை விட வேண்டும். பட்டாளத்தில் வண்டியை இன்னொரு டிரைவரிடம் கொடுப்பதானாலும் அப்படித்தான். ரெண்டு பேரும் சேர்ந்து டயரிலிருந்து ஸ்பானர் வரை பார்க்க வேண்டும். "நீ வாங்கிக்கிறயா?" என்று கேட்டார். வாங்கிக்கொள்கிறேன் என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அடுத்த நாள்தான் தெரிந்தது.

மே மாதம், பள்ளிக்கூடம் லீவு. ஊட்டியில் சீசன் நேரம், எங்கள் ரோடு முழுக்கச் சுற்றுலா வண்டிகள். ஒரு வாரம் அப்பா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார், நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டேன். அடேங்கப்பா, அந்த ஒரு வாரம்! புரட்டும்போது அம்மாவின் செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். "கைய இழுக்காத! தோளுக்கு அடியில கை குடு!" என்று அப்பா போட்ட அதட்டலில் எனக்கே பேச்சு குழைந்துவிட்டது. கஞ்சி சூடு என்றார், வெந்நீர் ஆறிவிட்டது என்றார், விரிப்பில் சுருக்கம் என்றார். "நீங்க மட்டும் பொறக்கறப்பவே கத்துக்கிட்டு வந்தீங்களா?" என்று ஒரு நாள் எகிறினேன். "அதுக்கில்ல அம்மிணி, சுருக்கம் இருந்தா அவளுக்குக் குத்தும், சொல்லமாட்டா" என்றார். அதற்கு மேல் என்ன சண்டை போடுவது? விரிப்பை இழுத்துச் சரிசெய்தேன்.

கிளம்புவதற்கு முன்தினம் பொறுப்பை ஒப்படைத்தார். வேடிக்கைக்கு இல்லை, நிஜமாகவே ஒப்படைத்தார். அவர் தலைமாட்டில் நின்றார், என்னைக் கால்மாட்டில் நிற்கச் சொன்னார். "குதிகால் ரெண்டும் பாத்தியா?" பார்த்தேன். "சிவப்பு?" இல்லை. "இடுப்பு?" இல்லை. "முதுகு?" இல்லை. மருந்து, பவுடர், மாற்றுத் துணி, வெந்நீர் பிளாஸ்க் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். நடுவில் அம்மா ஏதோ சொன்னார்.

"என்னங்கப்பா?"

"நான் என்ன லாரியான்னு கேக்கறா." அப்பாவுக்கே சிரிப்பு தாங்கவில்லை. "லாரியா இருந்திருந்தா இந்நேரம் பழைய இரும்புக்குப் போட்டிருப்பேனே புள்ள!" அம்மாவின் இடது கை அவர் மேல் படாரென்று விழுந்தது. மூன்று பேரும் சிரித்தோம். அம்மாவுக்குப் பாதி முகம்தான் சிரிக்கும், அதுவே எங்களுக்குப் போதும்.

மறுநாள் காலையில்தான் அந்தத் தப்பு நடந்தது. திருப்பூரிலிருந்து காரோடு வந்திருந்த தம்பி, அப்பாவின் துணிகளை எடுத்துப் போக ஏதாவது வேண்டுமே என்று பரண் மேல் இருந்த கறுப்பு டிரங்குப் பெட்டியை இறக்கினான். அப்பாவின் பட்டாளத்துப் பெட்டி. நல்ல பிள்ளையாகத் துடைத்து, துணி அடுக்கி, வாசற்படிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான். அம்மாவின் கட்டில் வாசலைப் பார்த்துத்தான் இருந்தது.

அம்மா அலறினார். கஞ்சியைத் தட்டிவிட்டார். அப்பாவின் சட்டையை இடது கையால் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மறுபடியும் பக்கவாதமோ என்று தம்பி டாக்டருக்குப் பேசப் போனைத் தேடினான். நானும் பயந்துதான் போனேன். அப்பா சுற்றும் முற்றும் பார்த்தார், அவர் கண் வாசலில் போய் நின்றது.

"பொட்டிய ஏன்டா அங்க கொண்டுபோய் வெச்சே? எடு அத மொதல்ல!"

அதன் பிறகுதான் எனக்கும் ஞாபகம் வந்தது. லீவு முடிகிற நாளுக்கு முன்தினம் அந்தப் பெட்டி வாசலுக்கு வந்துவிடும். அப்பா விடிவதற்கு முன்னாலேயே கிளம்பிவிடுவார். போய்வருகிறேன் என்று அவர் சொல்லவும் மாட்டார், அம்மா வழியனுப்பவும் மாட்டார். சொன்னால் ரெண்டு பேருக்கும் தாங்காது. அம்மா ஒரு பொட்டலம் தேயிலைத் தூளை அந்தப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். நாங்கள் எழுந்து பார்க்கும்போது வாசலில் பெட்டி இருக்காது. அம்மா பெரட்டுக்குப் போயிருப்பார். சிலோன்காரர்கள் காலையில் பேர் கூப்பிடுவதை அப்படித்தான் சொல்வார்கள். அப்புறம் ஒரு வருடத்துக்கு வீட்டில் அப்பா இல்லை. இத்தனை வருடம் கழித்து, எது அன்று எது இன்று என்று அம்மாவுக்கு இடையிடையே குழம்ப ஆரம்பித்திருந்த நேரத்தில், தம்பி அதே பெட்டியை அதே இடத்தில் வைத்திருக்கிறான்.

அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "பட்டாளத்துக்கு இல்ல புள்ள. ஆஸ்பத்திரிக்கு. மேட்டுப்பாளையம் தாண்டி, இந்தா இருக்கற கோயமுத்தூரு. சீக்கிரமா வந்துருவேன்." அம்மா அழுதுகொண்டே ஒரு வார்த்தை சொன்னார். அப்பா தன் சட்டையைப் பிடித்திருந்த அந்தக் கையைத் தடவிக் கொடுத்தார்.

"என்ன சொல்றாங்கப்பா?"

"எத்தன மாசம்னு கேக்கறா."

தம்பி வெளியே போய்ச் சுவரோரம் நின்று அழுதான். பெட்டி திரும்பப் பரணுக்குப் போனது. துணிகளையெல்லாம் எடுத்து ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் திணித்தேன். நாட்டின் எல்லையெல்லாம் பார்த்துவிட்டு வந்தவர் மாம்பழக் கலர் கட்டைப்பையோடு இதயத்துக்கு ஆபரேஷன் செய்துகொள்ளப் போனார். கோத்தகிரி வழியாக இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும், "பிரேக்க மிதிச்சுக்கிட்டே எறங்காதடா, செகண்டு கியர்ல எறங்கு" என்று தம்பியைப் பாடாய்ப் படுத்தினாராம். அதைக் கேட்டபோது எனக்கு நம்பிக்கை வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் போன் வரும். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. "குதிகால்?" "சிவக்கலீங்கப்பா." "முதுகு?" "நல்லாருக்குதுங்க." அப்புறம் போனை அம்மாவின் காதில் வைப்பேன். அம்மா ஏதோ சொல்வார், அப்பா ஏதோ சொல்வார், கால்மணி நேரம் ஓடும். எனக்கு ஒரு எழுத்துகூட விளங்காது. கல்யாணமான புதிதில் இவர்களுக்கு இந்தப் பேச்சுக்கெல்லாம் போன் எங்கே இருந்தது? பேசட்டும் என்று நான் கையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

திரும்பி வந்த அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலுக்குப் போனார். நெஞ்சில் கட்டு, கையைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆகவே என்னை டார்ச்சு பிடிக்கச் சொல்லிவிட்டு ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். பரீட்சைப் பேப்பர் திருத்தும்போது எதிரில் நிற்கும் பிள்ளை மாதிரி நான் நின்றேன். கடைசியில் என்னைப் பார்த்து, "பரவால்ல" என்றார். அப்பாவின் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது எவ்வளவு அபூர்வம் என்று எங்கள் வீட்டுக்காரரைக் கேளுங்கள், மாப்பிள்ளையாகி இத்தனை வருடத்தில் அவருக்கு ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை.

அதன் பிறகு ரெண்டு வருடத்துக்கு மேல் ரெண்டு பேருமாக அம்மாவைப் பார்த்துக்கொண்டோம். அப்பா பெரிய டிரைவர், நான் கிளீனர். அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கால் வீங்கியது. போன மார்கழியில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி விழுந்த நாட்களில் அவரே படுத்துவிட்டார். டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, இதயம் களைத்துவிட்டது, இனி எங்கே கூட்டிப்போனாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

அம்மாவின் கட்டிலுக்கு எதிரில் அப்பாவுக்கு ஒரு கட்டில் போட்டோம். அவர் தூங்கவே இல்லை. கண் சொருகும்போதெல்லாம் தொடையில் கிள்ளிக்கொள்வார். கடுங்காப்பி கேட்டு வாங்கிக் குடிப்பார். நான் அம்மாவைப் புரட்டும்போது அவர் பார்வை என் கையிலேயே இருக்கும். உடம்பில் ஒன்றுமில்லை, எலும்பும் தோலும்தான். ஆனாலும் விடமாட்டேன் என்று கிடந்தார். அந்த ஒரு நாளுக்காகத்தான் இந்தப் போராட்டம் என்று எனக்குத் தெரியும். பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

ஒரு மத்தியானம் என்னை அருகே கூப்பிட்டார். "முடியாது போல இருக்குது அம்மிணி. நான் முந்திக்குவேன் போல." கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நான் பொறுப்பு வாங்கிக்கிட்டேனுங்கப்பா. எப்பவோ வாங்கிக்கிட்டேன். நீங்க வெசனப்படாதீங்க."

"நீ பாத்துக்குவே. அது எனக்குத் தெரியும். ஆனா போறேன்னு அவகிட்ட எப்படிச் சொல்லுவேன்? ஒருக்காகூடச் சொல்லிட்டுப் போனதில்லையே."

எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். "வாய் இல்லையா உங்களுக்கு? இத்தன வருசம் அவங்க சொன்னதையெல்லாம் எங்களுக்குச் சொன்னீங்க. உங்களுதையும் அவங்ககிட்டச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் கட்டிலைக் கரகரவென்று இழுத்து அம்மாவின் கட்டிலோடு சேர்த்துப் போட்டேன். சேதி கேட்டுத் திருப்பூரிலிருந்து வந்திருந்த தம்பி ஒரு பக்கம் பிடித்தான்.

அப்பா அம்மாவின் நல்ல கையைப் பிடித்தார். "புள்ள, நான் முன்னால போகட்டுமா? எனக்கு முடியல."

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். கையை உருவிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான். கஞ்சி கொடுத்தேன், குடிக்கவில்லை. தலை வார வந்தேன், விடவில்லை. மத்தியானம் போய்ச் சாயங்காலம் வந்துவிட்டது. எதிர்ச்சரிவில் கொழுந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பிப் போனது. அப்பா கூரையைப் பார்த்தபடி கிடந்தார், தூங்காமல்.

விளக்குப் போடுகிற நேரத்தில் அம்மா திரும்பினார். இடது கையை நீட்டி அப்பாவின் கன்னத்தைத் தடவினார். அப்புறம் நிதானமாக, நிறுத்தி நிறுத்தி, நீளமாகப் பேசினார். நான் கண்ணைப் பார்த்தேன், காதைக் கொடுத்தேன். வழக்கம் போல் எனக்கு விளங்கவில்லை. அப்பாவின் முகம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

"அம்மா என்னங்க சொல்றாங்க?"

"லீவு குடுத்துட்டா" என்றார் அப்பா. சிரித்தார். "இந்தத் தடவ நான் திரும்பி வர வேண்டாமாம். அவளே வந்துக்கறாளாம்."

அன்றைக்கு அப்பா தூங்கினார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அசந்து தூங்கினார். மறுநாள் வெயில் ஏறிப் பனியெல்லாம் கரைந்த பிறகு, அம்மாவின் கை அவர் மேல் இருக்கும்போதே போய்விட்டார்.

அந்த ஒரு நாள் அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் தன் சொல்லைக் காப்பாற்றவில்லை என்று யாராவது என் காது படச் சொல்லிப் பார்க்கட்டும், அப்புறம் தெரியும் சேதி. அம்மா இப்போது என்னோடு இருக்கிறார். அவர் பேச்சு எனக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விளங்க ஆரம்பித்திருக்கிறது. காலையில் தலை பின்னிவிடும்போது, உங்கப்பா அங்கே காத்துக்கொண்டிருப்பாரே என்பார். இருக்கட்டும்மா, நீங்க எத்தன வருசம் காத்திருந்தீங்க, அவரும் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்பேன்.